கயிற்றில் ஓர் இடைவெளி

பேய்க்கதை கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். சொல்கிறவர்களைப் பிடிக்காது. மாமாவுக்கு நடந்தது, மாமாவின் சிநேகிதருக்கு நடந்தது என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். நான் சொல்லப்போவது என் கண்ணுக்கு முன்னால், அதுவும் நல்ல உச்சி வெயிலில் நடந்தது. இனி என்னையும் அந்தப் பிடிக்காத கூட்டத்தில் சேர்க்க வேண்டியதுதான்.

நானும் பிரேமிளாவும் முல்லைத்தீவுக் கரைக்கு வந்து இறங்கியது சோளகக் காற்று அடிக்கிற ஆனி மாதத்தில். முள்ளியவளையில் பஸ் மாறி, கடைசியில் ஓர் ஆட்டோவுக்குள் பைகளோடும் போத்தல் பெட்டிகளோடும் நசுங்கிக்கொண்டு வந்தோம். கடல் பாதுகாப்பும் கரையோர முகாமைத்துவமும் என்று எங்கள் முதுகலைப் படிப்புக்கு நீளமான பெயர். எனக்குக் கரையோரக் களப்பின் உப்புத் தண்ணீரில் நிற்கிற கண்டல் மரங்களை அளக்கிற வேலை. பிரேமிளாவுக்குக் கரைவலை. அந்த வலையில் எவ்வளவு குஞ்சு மீன் படுகிறது, படுவதில் எவ்வளவு வீணாகிறது என்று அவள் கண்டுபிடிக்க வேண்டும்.

இரண்டு பேருக்கும் கடலோடு உறவு கிடையாது. நான் கண்டாவளை வயல்காரி. அவளுக்கு ஊர் அக்கராயன். அவளுடைய குடும்பம் மலையகத்துத் தோட்டத்திலிருந்து வந்து காடு வெட்டி வயலாக்கிய குடும்பம். அவளுடைய அப்பா ஆண்டியப்பன் கடலை முதன்முதலாகப் பார்த்ததே மகள் பல்கலைக்கழகம் போன பிறகுதான். "இவ்வளவு தண்ணி இருந்தும் ஒரு வயலுக்குப் பாயாதே" என்று கவலைப்பட்டாராம். அந்த வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் அவள். இந்த ஆய்வை முடிக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும், பிறகு நாற்று நடத்தான் போக வேண்டும் என்று அடிக்கடி சொல்லுவாள்.

நாங்கள் அறை எடுத்தது கிருசாந்தி அக்காவின் வீட்டில். வீட்டுத்திட்டத்தில் கட்டிய சின்ன வீடு. பின்பக்கம் மணல், அதற்கு அப்பால் கடல். ஆனால் கடல் பார்த்த ஜன்னல்களுக்கு உள்ளிருந்து பலகை அடித்திருந்தது. உள்ளே நுழைந்ததும் பகலிலேயே இருட்டு. தையல் மெசினுக்கு மேலே மட்டும் ஒரு பல்ப் எரிந்தது.

"கடலைப் பார்க்கத்தானே அக்கா நாங்கள் வந்தனாங்கள்" என்றேன்.

அவா சிரிக்கவில்லை. "பார்க்கிறதெண்டால் அங்க போய்ப் பாருங்கோ தங்கச்சி. வீட்டுக்குள்ள கொண்டு வராதையுங்கோ."

உப்புக்காற்றைத்தான் சொல்கிறா என்று நினைத்தேன்.

அடுத்த நாள் களப்புக்கு நான் போகவில்லை. வெயிலைப் பார்த்ததும் கண்டல் மரங்கள் ஓடியா போய்விடப்போகின்றன என்று தோன்றியது. பிரேமிளாவோடு கரைவலை பார்க்கப் போனேன். உழவு இயந்திரத்தில் கட்டி இழுப்பதை அந்தக் கரையில் நிறுத்திவிட்டதால் ஆட்கள் கையாலேயே இழுத்தார்கள். நீளமான தென்னந்தும்புக் கயிறு, ஈரத்தில் கறுத்துப் போனது. குதிகாலை மணலில் குத்தி, பின்பக்கம் சாய்ந்து, ஒரு இழுப்பு, ஒரு மூச்சு, மறுபடி ஒரு இழுப்பு. வலைக்குச் சொந்தக்காரர் சம்மாட்டி தில்லைநாதன் குடையோடு நின்றார்.

"அளக்கிறதெண்டால் அளவுங்கோ பிள்ளை. எடுக்க ஏலாது. வலை மடியில வாற மீன் பங்குக்காரற்ர" என்றார் அவர். பிரேமிளாவின் முகம் விழுந்துவிட்டது. மீனை எடுத்து வெட்டிப் பார்க்காமல் அவளுடைய ஆய்வு நகராது.

கயிற்றைப் பிடித்த வரிசையில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. தண்ணீருக்குக் கிட்ட, கடைசி ஆளுக்கும் அவருக்கு முந்திய ஆளுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடைவெளி. எல்லோரும் பின்னால் நகர நகர அந்த இடைவெளியும் கூடவே நகர்ந்தது. ஒருவரும் அதற்குள் கால் வைக்கவில்லை.

"லீவு போட்ட ஆளின்ர இடம் போல" என்று பிரேமிளாவின் காதுக்குள் சொன்னேன். அவள் சிரித்தாள்.

வலை கரையேறியது. மீனைக் குவியல் குவியலாகப் பிரித்தார்கள். அவரவர் பங்கை அவரவர் அள்ளினார்கள். எல்லாம் முடிந்த பிறகு கிழிந்த வலைத்துண்டு ஒன்றின் மேல் ஒரு சின்னக் குவியல் மிஞ்சிக் கிடந்தது. சூடை, காரல், நெத்தலி, நாலைந்து பாரைக்குட்டி. ஆட்கள் அதை அலைக்குக் கிட்ட வைத்துவிட்டு வலை வைக்கிற வாடிக் கொட்டில் பக்கம் நடந்தார்கள். சம்மாட்டியும் போனார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"பார்த்தியா சிவா, கழிச்சு விடுற மீன்" என்றாள் பிரேமிளா. அவளுடைய கண்கள் மின்னின. "எனக்கு வேண்டியதே உதுதான். பங்குக்காரர் விட்டதை எடுக்கிறதுக்கு ஆர் கோவிக்கப் போயினம்?"

அவள் சொன்னதில் ஒரு பிழையும் தெரியவில்லை. எங்கள் பாடத்தில் அப்படித்தான் இருக்கிறது. பிடிபட்டது, வைத்துக்கொண்டது, வீசியது. வீசியதை எடுத்து அளப்பதுதான் ஆய்வு. மணலில் ஒரு மீன்கூட மிஞ்சாமல் அள்ளிக்கொண்டு வந்தோம்.

குஞ்சுகளை அவள் அளந்து, வெட்டி, போர்மலின் போத்தல்களுக்குள் போட்டாள். தேவைப்படாத பாரைக்குட்டிகளை நான் குழம்பு வைத்தேன். இரண்டு பேரும் வயிறு முட்டச் சாப்பிட்டோம். ருசியில் ஒரு குறையும் இல்லை. மீன் தலை எனக்கு உயிர், தலைகளை எல்லாம் நான்தான் உறிஞ்சினேன்.

அன்று பின்னேரம் பாயில் கிடந்தபோது பலகை அடித்த சுவருக்கு அப்பால் சத்தம் கேட்டது. கனமான ஈரக்கயிறு மணலில் இழுபடுகிற சத்தம். பிறகு அதை வளையம் வளையமாகச் சுற்றி வைக்கிற சத்தம். ஒரு வளையம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு வளையம். ஊறிப்போன தும்பின் நாற்றம் பலகைக்குள்ளால் வந்தது.

யாரோ வேலை செய்கிறார்கள் என்று மறுபக்கம் திரும்பிப் படுத்தேன். எழும்பிப் பின்னால் போய்ப் பார்த்தபோது மணல் அலுங்காமல் கிடந்தது.

அடுத்த முறை வலை இழுத்தபோது கயிறு லேசாக வந்தது.

லேசாக வந்தால் மீன் இல்லை என்றுதான் அர்த்தம். ஆனால் மடி நிறைய மீன். அவ்வளவு மீனோடு அந்த வலை துணிக்கொடி மாதிரி வந்தது. மனிதர் என்றால் சந்தோசப்பட வேண்டும். இவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. கடைசி ஆளின் உதடுகள் வெள்ளையாகிவிட்டன.

நான் அந்த இடைவெளியைப் பார்த்தேன்.

அங்கே கயிறு தொய்யவில்லை. மற்ற இடங்களில் கைக்குக் கை கொஞ்சம் தொய்ந்து கிடந்த கயிறு அந்த இடத்தில் மட்டும் விறைத்து நின்றது. அதற்குக் கீழே மணலில் குதிகால் குத்திய குழி ஒன்று விழுந்தது.

பிறகு அதற்குப் பின்னால் இன்னொரு குழி.

"இண்டைக்கு இவ்வளவும் காணும்" என்றார் சம்மாட்டி. அவர் குடையை மடக்கினார். மீனைப் பிரித்தார்கள். சின்னக் குவியலை இந்த முறை பெரிதாகவே வைத்தார்கள். போகும்போது நடை ஓட்டமாக மாறியது. நான் பிரேமிளாவின் கையைப் பிடித்து இழுத்தேன். "விடு, போவம்."

"உனக்கு என்ன விசரே? இவ்வளவு மீனும் வீணாய்ப் போகப் போகுது" என்று அவள் குனிந்து அள்ளத் தொடங்கினாள்.

அதற்குப் பிறகு கரைக்கு நான் போகவில்லை, களப்பே போதும் என்று விட்டுவிட்டேன். பிரேமிளா ஒவ்வொரு நாளும் போனாள். ஒவ்வொரு நாளும் அள்ளிக்கொண்டு வந்தாள். அந்த மீனில் நான் கைவைக்கவில்லை. போத்தல்கள் கட்டிலுக்குக் கீழே வரிசையாக நிறைந்தன. அவள் மெலிந்தாள். நடு மத்தியானத்தில் திடீரென்று எழுதுவதை நிறுத்திவிட்டுப் பலகை அடித்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

கையுறையைக் கழற்றாமல் அவள் சோறு தின்ன வந்தபோதுதான் நான் பிடித்துக்கொண்டேன். "கழட்டு பாப்பம்."

"போர்மலின் ஒத்துக்கொள்ளேல்லை. வேற ஒண்டுமில்லை."

நானே கழற்றினேன். இரண்டு உள்ளங்கையும் தோலுரிந்து சிவந்து கிடந்தன. விரல்களின் அடியில் கொப்புளம் உடைந்திருந்தது. புண்ணுக்குள்ளே கறுப்பாக ஏதோ குத்திக்கொண்டு நின்றது. நகத்தால் பிடித்து இழுத்தேன்.

தும்பு.

"நீ கயிறு இழுத்தனியா?"

"நான் கயித்தைத் தொட்டதே இல்லை சிவா" என்று அவள் அழத் தொடங்கினாள். "நித்திரையால எழும்பேக்குள்ள இப்பிடித்தான் கிடக்கு. கை மட்டுமில்லை, இடுப்பும் நோகுது. ஆரோ என்னை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் போட்டு, கொண்டுவந்து விடுற மாதிரிக் கிடக்கு."

எனக்குப் பயமாக இருந்தது. அதை அவளுக்குக் காட்டவில்லை. நாளைக்கே பெட்டியைக் கட்டுவோம் என்றேன். அவள் தலையாட்டினாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கரையில் தொழில் இல்லை. மத்தியானம் நான் குசினியில் பருப்புக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். அறைக்குள் அவள் பைகளை அடுக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் நின்றது. ஈரத் தும்பு மணத்தது.

போய்ப் பார்த்தால் அறை வெறுமையாகக் கிடந்தது.

வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினேன். வெயிலில் மணல் கண்ணைக் குத்தியது. கரையில் காகம்கூட இல்லை. வலை வாடிக்குள் கிடந்தது, கயிறும் வாடிக்குள் கிடந்தது. பிரேமிளா மட்டும் தண்ணீருக்குள், இடுப்பளவில் நின்றாள்.

இரண்டு கையையும் முன்னால் நீட்டி எதையோ இறுகப் பிடித்திருந்தாள். கைக்குள் ஒன்றும் இல்லை. உடம்பைப் பின்னால் சாய்த்து, குதிகாலை ஊன்றி இழுத்தாள். ஆனாலும் ஒவ்வொரு இழுப்புக்கும் ஓர் அடி முன்னால் போனாள்.

நான் பாய்ந்து அவளுடைய இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். அப்போது அந்த இழுவை எனக்கும் தெரிந்தது.

கடல் இழுப்பதென்றால் அலை திரும்பும்போது இழுக்கும். இது அலை வரும்போதும் இழுத்தது. ஒரு இழுப்பு, ஒரு மூச்சு, மறுபடி ஒரு இழுப்பு. கரைவலைக்காரர் இழுக்கிற அதே கணக்கு. அந்தப் பக்கம் நின்று யாரோ எங்களை வலையாக்கி இழுத்தார்கள்.

"விடு பிரேமி, கையை விடு."

"விட ஏலாதாம்" என்றாள் அவள். அது ரகசியம் பேசுகிற குரல். "பங்கு எடுத்தனானாம்."

தண்ணீர் என் நெஞ்சுக்கு வந்தது. எனக்கு நீந்தத் தெரியாது. கண்டாவளையில் யார் நீந்தினார்கள்?

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. கிருசாந்தி அக்கா. கடல் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பாத மனுசி, சேலையோடு தண்ணீருக்குள் வந்து எங்களுக்கு முன்னால் நின்றா. பிரேமிளாவின் கைகளுக்கு முன்னால் வெறும் காற்றில் தன் கையை வைத்தா. ஒரு கயிற்றைப் பிடிப்பது மாதிரித்தான் விரல்கள் மடங்கின.

"இஞ்சேருங்கோ" என்றா. அந்த உப்புத் தண்ணிக்குள் அவாவின் குரல் வீட்டுக்குள் புருசனோடு பேசுகிற குரலாக இருந்தது. "அவ தெரியாமல் எடுத்தவ. விடுங்கோ. உங்கட பங்கு வரும். நான் சொல்லுறன், வரும்."

ஒரு மூச்சு.

இழுவை தளர்ந்தது. நாங்கள் மூவரும் பின்னால் விழுந்தோம்.

அன்று சம்மாட்டி வீட்டு முற்றத்தில்தான் எல்லாம் தெரிய வந்தது. தயாபரன் கிருசாந்தி அக்காவின் கணவர். சில வருடங்களுக்கு முன் வலை கடலடிப் பாறைப் பாரில் சிக்கியபோது கயிற்றில் தன் இடத்தை விட்டு நீந்திப் போனவர். வலை வந்தது, அவர் வரவில்லை. உடம்பும் வரவில்லை.

"அண்டைக்கு அவன்ர பங்கு குடுபடேல்லை பிள்ளை" என்றார் தில்லைநாதன். "பாதி இழுப்பில போனவன். அடுத்த நாள் வலை இழுக்க, கயிறு லேசாய் வந்தது. ஆர் இழுக்கிறதெண்டு எங்களுக்கு விளங்கிட்டு. பங்கை வைச்சால் அங்கால நிக்கிறான். வைக்காட்டிக் கயித்துக்கு வாறான். வந்தால் தனியத் திரும்பிப் போகமாட்டான்."

"ஏன் ஐயா எங்களுக்குச் சொல்லேல்லை?" என்றேன்.

"அதைக் கதைக்கிறேல்லை. கதைச்சால் கூப்பிட்ட மாதிரி. இந்தக் கரையில போனவை எத்தினை பேர்? எல்லாருக்கும் பங்கு வைச்சால் எங்களுக்கு மீன் மிஞ்சாது. இவன் எங்கட கயித்தில நிண்டு போனவன், அதாலதான்." அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "ஆர் எடுத்தது?"

"நான்" என்றாள் பிரேமிளா.

"பங்கு எடுத்த ஆள் கயிறு பிடிக்கோணும். கரை வழக்கம் அது."

முதலில் நாங்கள் போத்தல் மீனைத்தான் திருப்பிக் கொடுத்தோம். மாதக்கணக்கில் எழுத வேண்டிய ஆய்வு முழுவதையும் பிரேமிளா தன் கையாலேயே மணலில் கவிழ்த்தாள். காகம் கிட்ட வரவில்லை. அலை வந்தது, அந்த மீன்களைச் சுற்றிக்கொண்டு திரும்பிப் போனது. விடிய அவை அப்படியே கிடந்தன. மருந்தில் ஊறின மீனை யார் பங்கென்று எடுப்பார்கள்?

ஆகவே அவள் கயிறு பிடித்தாள். அந்த இடைவெளிக்குள், புண் கையில் சேலைத்துணி சுற்றிக்கொண்டு நின்றாள். அன்று கயிறு கனமாக வந்தது, எல்லோரும் மூச்சுத் திணறினார்கள். அந்தக் கனத்தைக் கண்டு ஆட்கள் சிரித்ததையும் நான் பார்த்தேன். துணியில் ரத்தம் ஊறியது. அவள் விடவில்லை, மடி மணலைத் தொடும்வரை இழுத்தாள். சம்மாட்டி அவளுக்கு ஓர் ஆள் பங்கு அள்ளி வைத்தார். அதை அப்படியே வலைத்துண்டில் ஏந்தி அலைக்குக் கிட்ட வைத்தாள். நாங்கள் திரும்பி நடந்தோம்.

பின்னால் ஈர மணலில் யாரோ குந்துகிற சத்தம் கேட்டது. சத்தியமாகக் கேட்டது. நான் திரும்பவில்லை.

பிரேமிளாவின் கைப்புண் ஆறிவிட்டது. பேராசிரியரிடம் போத்தல்கள் உடைந்துபோயின என்று சொல்லி ஏச்சு வாங்கினாள். இப்போது அக்கராயன் குளத்து மீன்களை அளக்கிறாள். அவளுடைய அப்பாவுக்கு அதில்தான் சந்தோசம். கிருசாந்தி அக்கா ஒரு ஜன்னலின் பலகையைக் கழற்றிவிட்டாவாம். எனக்கும் மனம் ஆறியிருந்தது.

நேற்று முன்தினம்வரை.

கார்த்திகை மழை விட்டிருந்த மத்தியானம். கண்டாவளையில் கரண்ட் இல்லை, மோட்டர் ஓடாது. குளிக்கக் கிணற்றடிக்குப் போய் வாளியை இறக்கினேன். நிரம்பியதும் இழுத்தேன்.

கயிறு லேசாக வந்தது.

வாளி அறுந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். தளும்பத் தளும்பத் தண்ணீரோடு அது ஏறி வந்துகொண்டிருந்தது. நான் கையைத் தளர்த்தினேன். கயிறு நிற்கவில்லை. எனக்குப் பின்னால், சீமெந்துத் தரையில், மிஞ்சின கயிறு வளையம் வளையமாக விழுகிற சத்தம். ஒரு வளையம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு வளையம்.

ஈரத் தும்பு மணத்தது. எங்கள் வீட்டைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் வயல்தான்.

சம்மாட்டி யார் எடுத்தது என்றுதான் கேட்டார். யார் தின்றது என்று ஒருவரும் கேட்கவில்லை. பிரேமிளா கயிறு பிடித்துக் கொடுத்தது ஓர் ஆள் பங்கு. குழம்பு தின்றது இரண்டு பேர்.

தில்லைநாதனுக்குப் போன் எடுத்தேன். "ஐயா, நான் வந்து ஒரு இழுப்பு இழுக்கோணும்."

அந்தப் பக்கம் கடல் இரைகிற சத்தம் வந்தது. "வாடைக் காத்துக்குக் கடல் அடிக்குது பிள்ளை. இனி வலை இறங்கிறது பங்குனியில."

"அதுவரைக்கும் நான் என்ன செய்யிறது?"

"கயிறு ஒண்டையும் தொடாதையுங்கோ" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் தொடவில்லை. வாளிக் கயிற்றை அவிழ்த்துக் கொட்டிலுக்குள் போட்டுப் பூட்டினேன். உடுப்புக்கூடக் கொடியில் போடுவதில்லை.

இன்று விடிய அம்மா தேத்தண்ணி தரும்போது என் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தா. "என்ன பிள்ளை, கையெல்லாம் இப்பிடி உரஞ்சிக் கிடக்கு? கிணத்துக் கயிறு இழுத்தனியோ?" என்று கேட்டுக்கொண்டே ஊசியால் ஒரு கறுத்தத் தும்பைக் கிண்டி எடுத்தா.

எங்கள் கிணற்றுக் கயிறு நைலோன்.